மழையைப் படம் பிடித்தவர்

கதாநாயகன் கிடையாது. கதாநாயகி கிடையாது. பாட்டு, சண்டை, பேச்சு எதுவும் கிடையாது. படம் ஓடுவது சுமார் 12 நிமிஷம். அந்த 12 நிமிஷமும் திரையில் வருவது மழைதான். ஒரு பட்டணத்தில் மழை வருகிறது, பெய்கிறது, விடுகிறது. அவ்வளவே படம்!

இப்படி ஒரு படத்தை யாராவது பார்ப்பார்களா? பார்த்தார்கள். 1929-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அது வெளிவந்தது. சினிமாக் கலை படிக்கிறவர்களுக்கு அதை இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள். படத்தின் பெயரும் 'மழை' என்பதுதான். எடுத்தவர் யோரிஸ் ஈவன்ஸ். ஹாலந்து தேசத்தவர்.

ஹாலந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அந்தத் தேசத்தில் சுமார் கால் பங்கு நிலம் கடல் மட்டத்தை விடத் தாழ்வானது. கரை கட்டிக் கடலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் இறைப்பது உலக வழக்கம். ஹாலந்தில் வயலில் இருந்து தண்ணீரை வெளியே இறைப்பார்கள்! முதலில் காற்றாடி யந்திரங்கள் இறைத்தன. பிறகு நீராவி யந்திரங்கள் வந்தன. அதற்குப் பிறகு மின்சாரம் வந்தது. இறைப்பதை நிறுத்தினால் வீடும் வயலும் முழுகிப் போகும். அப்படிப்பட்ட நாட்டில் பிறந்தவருக்குத் தண்ணீர் மேல் கண் போனதில் வியப்பில்லை.

காமிராக் குடும்பம்

நைமேகன் என்பது ஹாலந்தில் ஒரு பழைய ஊர். ரைன் நதியின் பெரிய கிளை ஒன்று அந்த ஊரை ஒட்டி ஓடுகிறது. அந்த ஊரில் 1898-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி யோரிஸ் பிறந்தார்.

அவருடைய பாட்டனார் போட்டோப் படம் எடுப்பவர். தகப்பனார் காமிரா வியாபாரி. பல ஊர்களில் கடை வைத்து, நன்றாக நடத்தி வந்தார். ஊர் நன்மையில் அக்கறை உள்ளவர். தங்கள் ஊர் ஆற்றுக்கு ஒரு பெரிய பாலம் வேண்டும் என்று அவர் விடாமல் பாடுபட்டார். 1936-ம் ஆண்டில் அந்தப் பாலம் திறக்கப்பட்டது.

வீடு நிறையக் காமிரா இருந்தால் பையன் கை சும்மா இருக்குமா? யோரிஸ் 13-வது வயதிலேயே ஒரு சினிமாப் படம் எடுத்துவிட்டார். செவ்விந்தியர் கதை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வேஷம் போட்டு நடித்தார்கள். பணம் போட்டவரும் அப்பாதான்!

கடையை ஒரு நாள் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். அதனால் யோரிஸ் ராட்டர்டாம் நகரில் வியாபாரப் படிப்புப் படித்தார். பெர்லின் நகரில் போட்டோத் தொழில்நுட்பம் கற்றார். ஜெர்மனியில் காமிராவும் லென்சும் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை பழகினார். 1926-ல் தாய்நாடு திரும்பி, ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள குடும்பக் கடைக்கு மானேஜராக அமர்ந்தார்.

கடையில் கினாமோ என்ற ஜெர்மன் சினிமாக் காமிரா இருந்தது. சிறியது. கையில் பிடித்தே படம் எடுக்கலாம். முக்காலி வேண்டாம், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். சாவி கொடுத்தால் தானே ஓடும். மற்றவர்கள் பெரிய காமிராவைத் தூக்கி வைக்கவே நாலு பேரைத் தேடிய காலத்தில், ஈவன்ஸ் தெருவில் நடந்தபடியே படம் எடுத்தார். இந்தச் சின்ன யந்திரம் இல்லாவிட்டால் மழைப் படமும் இல்லை.

1927-ல் ஆம்ஸ்டர்டாமில் கலைஞர்கள் சேர்ந்து ஒரு சினிமா சங்கம் ஆரம்பித்தார்கள். கொட்டகைக்காரர்கள் போடத் துணியாத நல்ல படங்களைத் தருவித்துப் போடுவது அதன் வேலை. ஈவன்ஸும் அதில் முக்கியமானவர். அடுத்த ஆண்டே அவர் ஒரு துண்டுப்படம் எடுத்தார். ராட்டர்டாமில் ரெயில் பாலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கப்பட்டது. கப்பல் போனதும் கீழே இறங்கியது. அந்தப் பாலம்தான் படம். அதிலும் கதை கிடையாது. ஆனாலும் அந்தப் படத்தால் ஈவன்ஸின் பெயர் ஹாலந்துக்கு வெளியேயும் தெரிந்தது.

கோடு போட்ட பட்டணம்

மழைப் படத்தைப் புரிந்துகொள்ள ஆம்ஸ்டர்டாம் நகரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது தானாக வளர்ந்த ஊர் அல்ல. கோடு போட்டுக் கட்டிய ஊர். பழைய நகரைச் சுற்றி 1613-ம் ஆண்டு முதல் மூன்று பெரிய கால்வாய்களை வெட்டினார்கள். ஒன்று பிரபுக்களின் கால்வாய். அடுத்தது சக்கரவர்த்தியின் கால்வாய். மூன்றாவது இளவரசரின் கால்வாய். மூன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, குதிரை லாடம் போல் வளைந்து போகின்றன.

ஊர்த் தண்ணீர் வடிவதற்கும் அந்தக் கால்வாய்தான். சரக்குப் படகு வருவதற்கும் அந்தக் கால்வாய்தான். கரையில் வரிசையாக மரங்கள். மரங்களுக்குப் பின்னால் ஒடுங்கி உயர்ந்த வீடுகள். வீட்டு உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கயிறு மாட்டி, படகில் வந்த மூட்டையை மாடிக்கு இழுப்பார்கள். நிலம் சேறு. ஆகையால் மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல்தான் வீடு கட்டினார்கள். நகரின் நடுவே நிற்கும் அரண்மனையின் அடியில் மட்டும் 13,659 கம்பங்கள்! இந்தக் கால்வாய் நகரை 2010-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

அங்கே தண்ணீர் மனிதன் சொன்னபடி கேட்கிறது. போ என்ற இடத்தில் போகிறது. நில் என்ற இடத்தில் நிற்கிறது. மதகு திறந்தால் ஓடுகிறது. ஆனால் வானத்தில் இருந்து விழும் தண்ணீருக்கு யார் கோடு போட முடியும்? அடங்கிய தண்ணீர் மேல் அடங்காத தண்ணீர் வந்து விழுகிறது. ஈவன்ஸின் படம் இந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மழைக்குக் காவல்

அவருக்கு மழை ஆசை வந்தது எப்படி? அதுவும் ஒரு வேடிக்கை.

ஈவன்ஸும் மன்னஸ் பிராங்கன் என்ற நண்பரும் சேர்ந்து, வேலை இழந்த ஒரு மீனவரைப் பற்றிக் கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலைக்கு உள்ளேயே போய் அலையைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஈவன்ஸின் ஆசை. ரப்பரால் ஒரு பை தைத்தார். முன்பக்கம் கண்ணாடி. தலை, கை, காமிரா எல்லாம் பைக்குள்ளே. அப்படியே அலையில் போய் நின்றுவிட்டார்!

அந்தப் படப்பிடிப்புக்கு வெயில் வேண்டும். மழையோ வந்து வந்து வேலையைக் கெடுத்தது. மழையை வைது வைது கடைசியில், அந்த மழையையே படம் எடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தார்கள்.

நினைப்பது எளிது. மழையைப் படம் பிடிப்பது கஷ்டம். வெளிச்சம் இருக்காது. எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. ஈவன்ஸ் ஊர் முழுக்கக் காவல் வைத்தார். பல பேட்டைகளில் இருந்த சிநேகிதர்கள், தங்கள் பக்கம் தூறல் விழுந்ததும் அவருக்கு டெலிபோன் செய்ய வேண்டும். அவர் காமிராவை எடுத்துக்கொண்டு ஓடுவார். கடை, தெரு, ரெயில் எங்கே போனாலும் கையில் காமிரா. இரவில் அது கட்டில் பக்கத்து மேஜையில் இருக்கும். படுக்கைக்கு மேலே சாய்வான கண்ணாடிக் கூரை. காலையில் கண் விழிக்கும்போது மழை பெய்தால், படுத்தபடியே அந்தக் கண்ணாடியில் துளிகள் இறங்குவதை எடுத்துவிடுவார். படத்தில் உள்ள அழகான துளிகளில் சில இப்படி எடுத்தவை.

அப்போது கடைக்கு வந்திருந்த புதுவகை பிலிம்கள் மழைக்குச் சரிப்படவில்லை. பழைய அக்ஃபா பிலிம்தான் கைகொடுத்தது. லென்ஸின் வாயை முழுவதும் திறந்து வைத்தே எடுத்தார். இருக்கிற கொஞ்ச வெளிச்சமாவது உள்ளே போக வேண்டுமே!

12 நிமிஷப் படத்துக்கு ஏறக்குறைய நாலு மாதம் மழைக்குப் பின்னால் அலைந்தார். படத்தின் ஆரம்பத்தில் ஒரு மழை தொடங்குகிறது. அது ஒரு மழை அல்ல. குறைந்தது 10 தடவை மழை தொடங்கியதை எடுத்து, அதில் இருந்து பொறுக்கிச் சேர்த்த ஒரு தொடக்கம்.

ஒரு நாள் நகரின் பெரிய சதுக்கத்தில் நின்றார். மூன்று சிறுமிகள் ஒரே மழை அங்கிக்குள் புகுந்துகொண்டு துள்ளித் துள்ளிப் போனார்கள். மழைத்துளி விழுகிற தாளம் அந்தக் கால்களில் இருந்தது. ஈவன்ஸ் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. எடுத்தார். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாளைக்கு மழை இருக்காது. மழை இருந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகள் வந்தாலும் துள்ளமாட்டார்கள். செய்திப்படம் எடுப்பவருக்கு இதுதான் முதல் பாடம் என்று அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

திரையில் என்ன தெரிகிறது

முதலில் வெயில். கால்வாயில் படகுகள். கூரைகள். பிறகு காற்று எழும்புகிறது. மரத்து இலைகள் அலைகின்றன. கால்வாய்த் தண்ணீரில் ஒரு வட்டம் விழுகிறது. இன்னொரு வட்டம். ஒரு மனிதர் கையை நீட்டிப் பார்க்கிறார். கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். ஜன்னல்கள் சாத்தப்படுகின்றன. குடைகள் விரிகின்றன. மேலே இருந்து பார்த்தால் தெருவே கறுப்புக் குடைகளாக நகர்கிறது. டிராம் வண்டி ஜன்னலில் தண்ணீர் வழிகிறது. கூரைக் குழாயில் கொட்டுகிறது. கல் பாவிய தெரு கண்ணாடி ஆகிவிடுகிறது. கடைசியில் மழை விடுகிறது. தேங்கிய தண்ணீரில் வெளிச்சம் வருகிறது.

எல்லோரும் நாள்தோறும் பார்க்கிற காட்சிதான். அதைக் காசு கொடுத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஒரு குறையும் சொன்னார்கள். அழகு இருக்கிறது, விஷயம் எங்கே என்று கேட்டார்கள். மழையில் நனையும் ஏழை எங்கே? ஒழுகும் வீடு எங்கே? பெரிய பட்டணத்து மழையில் மனிதர் படும் பாடு எங்கே? ஈவன்ஸ் இந்தக் குறையை மறுக்கவில்லை. மனிதரை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கைத்தொழிலை முதலில் சுத்தமாகக் கற்றுக்கொண்டது நல்லதாயிற்று என்றும் கருதினார். அவருடைய மீதி வாழ்க்கை அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடலில் கொட்டிய கோதுமை

ஹாலந்தில் அப்போது ஒரு பெரிய வேலை நடந்தது. நாட்டுக்குள் புகுந்து கிடந்த சூய்டர் கடலை, 32 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கரை போட்டு அடைத்தார்கள். 1932-ம் ஆண்டு மே 28-ந் தேதி கரையின் கடைசி வாயும் மூடப்பட்டது. உள்ளே கிடந்த தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்து, நிலம் உண்டாக்கினார்கள்.

ஈவன்ஸ் இந்த வேலையைப் படம் எடுத்து வந்தார். கல் சுமப்பவர், சேறு வாரிப் போடும் யந்திரம், கரை உடையுமா நிற்குமா என்ற தவிப்பு, எல்லாம் அதில் உண்டு. 1933-ல் 'புதிய நிலம்' என்ற பெயரில் அதைத் தொகுத்தார். படத்தின் முடிவுதான் பேச்சாயிற்று. கடலிடம் பிடுங்கிய நிலத்தில் கோதுமை விளைகிறது. ஆனால் அப்போது உலகமெங்கும் வியாபார மந்தம். விலை இறங்காமல் இருக்க, விளைந்த தானியத்தைக் கடலில் கொட்டுகிறார்கள், எரிக்கிறார்கள். இன்னொரு பக்கம் வேலை இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அழகான தண்ணீரை மட்டும் எடுத்த மனிதர் போய்விட்டார்.

1937-ல் ஸ்பெயின் தேசத்தில் உள்நாட்டுப் போர் நடந்தது. ஈவன்ஸ் அங்கே போனார். துப்பாக்கிச் சண்டையை மட்டும் அவர் எடுக்கவில்லை. வறண்ட கிராமம் ஒன்று ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுவரப் பாடுபடுவதையும் எடுத்தார். அங்கே விளைந்தால் மாட்ரிட் நகரத்துக்குச் சோறு. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே அந்தப் படத்துக்கு விளக்கவுரை எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மாளிகையிலும் படம் திரையிடப்பட்டது.

தாய்நாட்டோடு பகை

1944-ல் டச்சு சர்க்கார் ஈவன்ஸுக்கு ஒரு பதவி கொடுத்தது. இந்தோனேஷியாவில் சினிமா அதிகாரி. அப்போது அந்தத் தேசம் டச்சுக்காரரின் காலனி. ஜப்பானியர் பிடியில் இருந்தது. ஜப்பான் தோற்றதும், 1945 ஆகஸ்டு 17-ந் தேதி இந்தோனேஷியத் தலைவர்கள் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். டச்சு சர்க்கார் அதை ஏற்கவில்லை. மறுபடியும் ஆளப் பார்த்தது.

ஈவன்ஸ் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அந்த நவம்பர் மாதமே பதவியை ராஜிநாமா செய்தார். சம்பளம் போயிற்று. சிட்னித் துறைமுகத்தில் டச்சுக் கப்பல்களில் சரக்கு ஏற்றத் தொழிலாளர்கள் மறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்தை 22 நிமிஷப் படமாக எடுத்தார். ஆஸ்திரேலியரும் சீனரும் இந்தோனேஷியரும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. இந்திய மாலுமிகளும் அதில் சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். படத்தில் அவர்களையும் காணலாம். அப்போது இந்தியாவுக்கே சுதந்திரம் வரவில்லை.

தாய்நாட்டு அதிகாரிகள் அவரை மன்னிக்கவில்லை. பாஸ்போர்ட் விஷயத்தில் பல ஆண்டுகள் தொல்லைப்பட்டார். பிறகு வெகுகாலம் கிழக்கு ஐரோப்பாவில் வேலை செய்தார். 1954-ல் 'நதிகளின் பாட்டு' என்ற படம் எடுத்தார். வோல்கா, மிசிசிப்பி, நைல், அமேசான், யாங்ட்சி ஆகியவற்றோடு நமது கங்கையும் அதில் உண்டு. இசை ஷோஸ்டகோவிச். பாடியவர் நீக்ரோ மக்களின் புகழ்பெற்ற பாடகர் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் கொண்டாடிய பால் ராப்சன்.

கம்யூனிஸ்டு நாடுகளின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அவர் கண்ணை மறைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மழையை 12 நிமிஷத்தில் முடித்தவர், 1976-ல் சீனாவைப் பற்றிச் சுமார் 12 மணி நேரப் படம் வெளியிட்டார். மாவோ ஆட்சியில் மக்கள் பட்ட துன்பம் அதில் இல்லை. இலைமேல் துளியைக் கூடத் தவறவிடாத கண் அது!

மறுபடியும் பட்டணத்துத் தண்ணீர்

1957-ல் ஈவன்ஸ் பாரிஸ் நகரத்துக்கு வந்தார். சீன் நதி அந்த நகரின் நடுவே, இரு பக்கமும் கல் கரைக்குள் அடங்கி ஓடுகிறது. காமிராவை எடுத்துக்கொண்டு ஆற்றோடு போனார். சரக்குப் படகுக்காரர்கள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், விளையாடும் பிள்ளைகள், மூட்டை இறக்குபவர்கள், கை கோத்து நடக்கும் காதலர், கரையில் படுத்துத் தூங்கும் ஏழைகள், எல்லோரும் வந்தார்கள். கவிஞர் ழாக் பிரேவர் அதற்குக் கவிதை எழுதிக் கொடுத்தார்.

28 ஆண்டுகளுக்கு முன் மனிதர் எங்கே என்று கேட்டார்களே, இந்தப் படத்தில் தண்ணீரும் இருந்தது, மனிதரும் இருந்தார்கள். 1958-ல் கேன்ஸ் படவிழாவில் துண்டுப்படத்துக்கான முதல் பரிசு அதற்குக் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துத் தென் அமெரிக்காவில் சிலி தேசத்தின் வால்பரைசோ துறைமுகத்தைப் படம் எடுத்தார். கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். மேலே குன்றுகளில் வாழும் ஏழைகளுக்குத் தண்ணீர்க் கஷ்டம்.

மழைப் படத்துக்கும் இடையில் ஒரு பெருமை வந்தது. ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஜெர்மன் இசைமேதை ஹன்ஸ் ஐஸ்லர், 1941-ல் அந்தப் பேசாத படத்துக்கு இசை அமைத்தார். மழையை வர்ணிக்கும் 14 வழிகள் என்று அதற்குப் பெயர். ஐஸ்லரின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள்.

1985-ல் டச்சு அமைச்சர் ஒருவர் பாரிஸுக்கே போய் ஈவன்ஸுக்கு விருது வழங்கினார். இந்தோனேஷியா விஷயத்தில் சரித்திரம் ஈவன்ஸின் பக்கம் நின்றது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ராஜிநாமாக் கடிதம் எழுதி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஈவன்ஸுக்கு ஆஸ்துமா நோய் உண்டு. மூச்சுக்குத் திணறியபடியே உலகம் சுற்றியவர். கடைசிப் படமாக அவர் எடுக்க நினைத்தது காற்றை. மழையையாவது கண்ணால் பார்க்கலாம். காற்றை எப்படிப் பிடிப்பது? 90 வயதை நெருங்கிய கிழவர், மனைவி மார்சலினுடன் சீனாவுக்குப் போனார். பாலைவனத்து மணலில் நாற்காலி போட்டு, காற்று வரும் என்று காத்திருந்தார். அந்தக் காட்சியே படத்தில் இருக்கிறது. 1988-ல் படம் வெளிவந்தது. அதே ஆண்டு வெனிஸ் படவிழாவில் வாழ்நாள் பணிக்காகத் தங்கச் சிங்கம் விருது பெற்றார்.

மறு ஆண்டு, 1989 ஜூன் 28-ந் தேதி, பாரிஸில் காலமானார். உடல் அந்நகரின் மோன்பர்னாஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.